ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் செட்: முறிந்த போல்ட்டுக்கு வாங்கலாமா?

எக்ஸ்ட்ராக்டர் என்பது முறிந்த போல்ட்டின் நடுவில் ஓட்டை போட்டு, அதில் இறக்கி இடது பக்கம் திருகி வெளியே எடுக்கிற கருவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த 5 உருப்படி எக்ஸ்ட்ராக்டர் செட்டுக்கு நான் போடும் மார்க் 5-க்கு 2.5. ஆன்லைனில் வாங்கியது, பெட்டியில் கம்பெனி பேர் எதுவும் இல்லை, 3 முதல் 18 மில்லிமீட்டர் போல்ட் வரை எடுக்கும் என்று மட்டும் போட்டிருக்கிறது. வீட்டில் பைக் எஞ்சின் பிரிக்கிற ஆளுக்கு அதில் சின்ன சைஸ் இரண்டுதான் வேலைக்கு ஆகும், மிச்சம் மூன்றும் லாரி, டிராக்டர் பார்க்கிறவர்களுக்கு.

என் வண்டி பழைய ஸ்ப்ளெண்டர் பைக். முந்தைய சர்வீஸில் யாரோ மேக்னட் கவர் (எஞ்சினின் பக்கவாட்டு மூடி) போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து இறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கவர்களில் வருவது 6 மில்லிமீட்டர் போல்ட், ஸ்பேனர் போடும் தலை 8. இந்த சைஸுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், அதாவது 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 5 கிலோ எடை வைத்தால் என்ன அழுத்தமோ அவ்வளவுதான். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் டி ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிற வரைக்கும் இறுக்கினால்தான் பலருக்கு மனசு ஆறுகிறது. அந்த டக் பல நேரம் அலுமினியத்தில் மரை கிளம்புகிற சத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முறிந்த போல்ட்டில் இரண்டு ரகம் உண்டு, செட் வாங்குவதற்கு முன்னால் நம்முடையது எது என்று பார்க்க வேண்டும். ஓவராக இறுக்கியதால் தலை மட்டும் பிய்ந்து வந்தது முதல் ரகம். தலை போனதுமே அந்த இழுவிசையும் போய்விடும், உள்ளே நிற்கிற துண்டு பெரும்பாலும் லூஸாகத்தான் இருக்கும். மேக்னட் கவரில் எனக்கு நடந்தது இதுதான். துண்டு கேஸ்கெட் மட்டத்துக்குக் கீழே நின்றது, பிளையரால் பிடிக்க வழியில்லை. டிரில் வழுக்காமல் இருக்க நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்து, இடது பக்கம் சுற்றுகிற 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டை மெதுவான வேகத்தில் இறக்கினேன். கொஞ்ச ஆழம் போனதும் பிட் சட்டென்று கடித்துப் பிடித்தது, முறிந்த துண்டு மரையில் வெள்ளைப் பொடி ஒட்டியபடி தானாகச் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டது. எக்ஸ்ட்ராக்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த இடது பிட் செட்டோடு வந்ததல்ல, தனியாக வாங்கியது, அதற்கு 5-க்கு 5.

இரண்டாவது ரகம்தான் வில்லங்கம். துருப்பிடித்து மரையோடு மரையாகப் பிடித்துக்கொண்டது. சைலன்சரை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கிற ஸ்டட் (தலையில்லாத போல்ட்) அப்படித்தான் முறிந்தது. அலுமினியத்துக்குள் இரும்பு, அதோடு சூடும் மழைத்தண்ணியும் சேர்ந்தால் அது அசையவே அசையாது. இங்கே எக்ஸ்ட்ராக்டரின் குறையே அதன் வடிவம்தான். ஆப்பு மாதிரி கூம்பாக இருப்பதால், ஓட்டைக்குள் இறங்க இறங்க மெல்லிய போல்ட்டின் சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது, ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பது இன்னும் இறுகுகிறது. டேப் ஹேண்டில் என்கிற இரண்டு கைப் பிடியில் மாட்டித் திருகினேன், எக்ஸ்ட்ராக்டர் முறுக்கிக்கொள்வது கையில் தெரிந்தது, ஸ்டட் அசையவில்லை. அதோடு விட்டுவிட்டேன். ஏனென்றால் எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கிய எஃகு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் அதைவிடக் கடினமான கார்பைடு பிட்டோ, மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற ஸ்பார்க் மெஷினோதான் கதி.

ஹெட்டைக் கழற்றி மதுரை புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் வாங்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “உள்ள எதுவும் முறிச்சு வச்சிருக்கியா தம்பி?” இல்லைண்ணே என்றதும்தான் முகம் மலர்ந்தது. நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை உட்கார வைத்து, நட்டின் ஓட்டை வழியாகவே வெல்டிங் வைத்தார். இரும்புக்கு வைக்கிற ராடு அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டுக்குப் பயமில்லை. செக்கச்சிவந்த நட் கறுத்து ஆறும்வரை டீ குடித்தார், அப்புறம் ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினார். துரு பொடிப்பொடியாக உதிர்ந்து ஸ்டட் முழுசாக வந்தது. அம்புட்டுத்தான். வாங்கின கூலி எக்ஸ்ட்ராக்டர் செட் விலையில் பாதிகூட இல்லை.

அப்படியானால் எக்ஸ்ட்ராக்டர் எதற்குத்தான்? தலை பிய்ந்து, உள்ளே லூஸாக நின்று, இடது பிட்டும் கடிக்காத போல்ட்டுக்கு. சுத்தியால் செல்லமாகத் தட்டித்தான் இறக்க வேண்டும், கையில் கனமான எதிர்ப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊற வைப்பதும், கேஸிங்கைச் சூடாக்குவதும் உதவும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். ஆனால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

வாங்குகிறவர்கள் வடக்கு வெளிவீதிப் பக்கம் டூல்ஸ் கடைகளில் சின்ன சைஸான 1, 2 நம்பரை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மிச்சப் பணத்தில் 3 மில்லிமீட்டர் இடது பிட் இரண்டு, நல்ல சென்டர் பஞ்ச் ஒன்று. திரும்ப மாட்டும்போது 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுகிற சின்ன டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) இருந்தால் நல்லது, காருக்கு விற்கிற பெரியது 10-ல் சரியாக நிற்காது.