டிஸ்க் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

நவம்பரில் எனக்கு 8,000 ரூபாய் தண்டமானது. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் ஒரே ஒரு செட்டிங்குக்காக.

விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால் 11க்கு மாறப் பார்த்தேன். 2018இல் வாங்கிய டெஸ்க்டாப், எட்டாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11க்குத் தகுதியான இன்டெல் வரிசை பொதுவாக அதிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் கவலைப்படவில்லை. சோதித்துப் பார்த்தால், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு வசதி) வேண்டும் என்றது. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து பயாஸில் சிஎஸ்எம் என்பதை (பழைய முறையில் பூட் ஆக உதவும் வசதி) அணைத்துவிட்டு சேவ் கொடுத்தேன். அவ்வளவுதான். எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயாஸ் திரையிலேயே வந்து நின்றது.

என் மனைவி மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு போட்டுக் கொடுக்கிறாள். எல்லாம் அந்த டிஸ்க்கில். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அன்று தேதி 17.

சிபியுவைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "டிஸ்க் அடிச்சிடுச்சு சார். அப்டேட் பண்றப்போ கரண்ட் ஏறியிருக்கும்" என்றார். டேட்டா? "எடுக்கலாம் சார், ஆனா கேரண்டி கிடையாது." ஒரு விசிட்டிங் கார்டின் பின்புறம் கணக்கு எழுதினார்: புது எஸ்எஸ்டி டிஸ்க் 2,400, விண்டோஸ் 1,500, டேட்டா ரெக்கவரி 3,500, சர்வீஸ் 600. பில் கேட்டால் ஜிஎஸ்டி சேர்த்துத் தரட்டுமா என்றார். ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிற வீட்டுக்காரன் நான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்! பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோது மட்டும், ஏதோ தோன்றி, கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

19ஆம் தேதி மாலை மெஷின் வந்தது. மனைவிக்கு நிம்மதி. எனக்குத்தான் உறுத்தியது. செத்த டிஸ்க்கிலிருந்து மீட்ட டேட்டாவில் ஒரு கோப்பின் பெயர்கூட மாறவில்லை, தேதி மாறவில்லை, டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள் வரை உயிரோடு வந்திருந்தன.

அப்புறம்தான் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 'புது' எஸ்எஸ்டி ஏற்கெனவே 9,412 மணி நேரம் ஓடியிருந்தது. இரவும் பகலும் விடாமல் ஓடினாலும் ஒரு வருஷத்துக்கு மேல். பழைய டிஸ்க்கை, வெளியிலிருந்து இணைக்கும் 400 ரூபாய் சாட்டா–யூஎஸ்பி கேபிளில் மாட்டினேன். 'குட்' என்று நீலமாகக் காட்டியது. விண்டோஸ் கதை இன்னும் மோசம். என் ஒரிஜினல் லைசென்ஸ் ஹோம் பதிப்புக்கானது, மதர்போர்டோடு சேர்ந்தே பதிவானது. ஹோம் போட்டிருந்தால் காசில்லாமல் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். அவர் போட்டது புரோ, கூடவே திருட்டு ஆக்டிவேட்டர். அடுத்த நாளே விண்டோஸின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் அதை ஹேக்டூல் என்று பிடித்தது.

நடந்தது இதுதான். என் பழைய விண்டோஸ், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தது. சிஎஸ்எம்மை அணைத்தால் மெஷின் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும் பூட் ஆகும், அதற்கு ஜிபிடி என்ற புது முறையில் பிரித்த டிஸ்க் வேண்டும். திருப்பி ஆன் செய்திருந்தால் அப்போதே பழையபடி வந்திருக்கும். பயாஸில், இணைத்திருக்கும் டிஸ்க்குகளைக் காட்டும் சாட்டா பட்டியலில் டிஸ்க்கின் பெயர் தெரிந்துகொண்டேதான் இருந்தது. முழுசாகச் செத்த டிஸ்க் அங்கே பெயரைக் காட்டாது. நான் பார்த்தேன், அர்த்தம் புரியவில்லை. கடைக்காரருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பழைய டிஸ்க்கை உள்ளே மாட்டி சிஎஸ்எம்மை ஆன் செய்தேன், அதே பழைய டெஸ்க்டாப் வந்தது. டேட்டாவை வெளியே நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளையை, முதலில் வேலிடேட் (சரிபார்க்க), பிறகு கன்வர்ட் (மாற்ற) என்று ஓட்டினேன். டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு (முதன்மைப் பிரிவுகளுக்கு) மேல் இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது. என்னிடம் இரண்டுதான். அதன் பிறகு சிஎஸ்எம்மை அணைத்து, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதிக்காக பிடிடி என்ற இன்டெல் செட்டிங், கூடவே செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்தேன். இரவுக்குள் விண்டோஸ் 11.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம் என்று யோசித்தேன். என் கையில் இருப்பது விசிட்டிங் கார்டு மட்டும். கடைக்கே போய் எஸ்எஸ்டி ஓடிய மணிக்கணக்கைக் காட்டினேன். "அது சும்மா காட்டும் சார்" என்றார். எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்தால் 500 ரூபாய் தருகிறாராம்.