பழைய டர்போ காரின் பூஸ்ட்டை எதை வைத்துப் பார்ப்பது?

குளச்சலில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இருபது வயது தாண்டிய டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும் கருவி, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். போன ஆனி மாதம் கூப்பிட்டான். "அண்ணே, வண்டிக்குப் பிக்கப்பே இல்ல. முள்ளு ஏறவே மாட்டேங்கு."

போய் ஓட்டிப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தபோது டேஷ்போர்டு பூஸ்ட் மீட்டரின் முள் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டியது, அவன் செல்போன் 0.48, நான் கொண்டுபோன மீட்டர் 0.4. ஒரே எஞ்சின், மூன்று எண். அவன் குழம்பிப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரு மீட்டர் எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, காற்றை எந்த இடத்தில் தொடுகிறது என்ற இரண்டும் தெரியாமல் அது காட்டும் எண்ணை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது.

முதலில் டேஷ்போர்டு முள். நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கே கடல் மட்டத்தில் சுமார் 1.013 பார் அழுத்தம் உண்டு. அதையும் சேர்த்து எண்ணினால் முழு அழுத்தம். அதற்கு மேல் டர்போ திணிப்பதை மட்டும் எண்ணினால் பூஸ்ட். 1985இல் வந்த போர்ஷே 944 டர்போவின் மீட்டர் முதல் வகை. எஞ்சின் அணைந்திருக்கும்போதே 1இல் நிற்கும், முழு பூஸ்ட்டில் 1.75 வரை போகும். உண்மையான பூஸ்ட் 0.75தான். சாப் 900 டர்போவில் எண்ணே கிடையாது, நிறப் பட்டைகள் மட்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி முள் 1இல் நிற்கிறதா, 0இல் நிற்கிறதா என்று பாருங்கள். தினசரி ஓட்டத்தில் 'வழக்கம்போல் ஏறுகிறதா' என்று கண்ணோட்டம் விட இந்த முள் போதும். பழுது தேடுவதற்கு நான் அதை நம்பமாட்டேன். பழைய கார்களில் அது தளர்ந்துபோயிருக்கும்.

அடுத்து, காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் கருவி செருகி செல்போனில் பார்ப்பது. செலவு குறைவு, எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் அந்த சாக்கெட் அமெரிக்காவில் 1996இலும், ஐரோப்பியப் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும்தான் கட்டாயமானது. அதற்கு முந்திய வண்டியில் பெரும்பாலும் இந்த வழியே இல்லை. இருந்தாலும் பழைய கார்கள் பலவற்றின் இணைப்பு நொடிக்கு 10,400 பிட் வேகத்தில்தான் பேசும். ஆப்பில் ஆறேழு மீட்டரைத் திறந்து வைத்தால் பூஸ்ட் எண் தத்தித் தத்தி வரும், நடுவில் வந்துபோகும் உச்சம் தெரியாது. பூஸ்ட் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். இன்னொன்று, பொதுவான ஓபிடி எண் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. அதாவது கடல் மட்டத்தில் சுமார் 1.5 பார் பூஸ்ட்டோடு நின்றுவிடும். ஆப் எப்போதும் 1.013ஐயே கழித்தால் ஊட்டி மாதிரி உயரத்தில் கணக்கு இன்னும் கெடும். அங்கே வெளிக்காற்றே 0.77 பார் அளவில்தான் இருக்கும்.

இருந்தாலும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஸ்கேனருக்கு ஒரு பலம் உண்டு, வேறு எந்த மீட்டருக்கும் அது கிடையாது: எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டையும் கிடைத்த பூஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.8 டர்போ கார்களில் அதற்குரிய ஸ்கேனரில் 115ஆம் தொகுதி என்ற அளவுப் பட்டியலைத் திறந்தால் இரண்டும் மில்லிபாரில் வரும். கேட்டதே குறைவென்றால் தேட வேண்டிய இடம் வேறு. கேட்டது கிடைக்கவில்லை என்றால்தான் குழாய், வால்வு என்று இறங்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ரப்பர் குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டர். உள்ளே வளைந்த பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். பிரெஞ்சுக்காரர் பூர்தோன் 1849இல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடு. எஞ்சின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து வரும் சிறு குழாயில் ஒரு டி ஜாயிண்ட் போட்டால் போதும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயையும், டர்போவைக் கட்டுப்படுத்தும் குழாயையும் தொடவே கூடாது. மீட்டர் சரியா என்பதையும் வீட்டிலேயே பார்க்கலாம்: கைப்பம்பையும் நல்ல டயர் கேஜையும் சேர்த்துக் கட்டி 10 பிஎஸ்ஐ கொடுத்தால் 0.69 பார் காட்ட வேண்டும்.

தம்பி வண்டியில் பழுதைக் காட்டிக்கொடுத்தது இதுதான். அவன் காரின் சொந்த சென்சார், ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப காற்றைத் திறந்துவிடும் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் ஐட்லிங்கில் செல்போன் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நின்றது. த்ராட்டிலுக்குப் பின்னால் கட்டிய என் மீட்டரோ, வெளிக்காற்றுக்குக் கீழே 0.6, 0.7 பார் உறிஞ்சல் காட்ட வேண்டிய இடத்தில் 0.45இல் நடுங்கிக்கொண்டிருந்தது. மேனிஃபோல்டின் பின்பக்கம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். ஒரு ரப்பர் குழாயின் வளைவில், விரலால் அமுக்கினால் மட்டும் தெரிகிற வெடிப்பு. நுரை அதற்குள் இழுபட்டு மறைந்தது. குழாயை மாற்றியதும் முள் 0.65க்குப் போய் அசையாமல் நின்றது.

எலக்ட்ரானிக் மீட்டரில் சென்சார் பானட்டுக்குள் இருக்கும், உள்ளே ஒயர் மட்டும் வரும். பெட்ரோல் ஆவி ஏறிய குழாய் இருக்கைக்கு முன்னால் வராது என்பது பெரிய நன்மை. உச்ச அளவையும் பிடித்து வைக்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வண்டி நிற்குமென்றால் இதைத்தான் நிரந்தரமாகப் போடச் சொல்வேன். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றில் ஒயர் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், எண் தாவும். அதனால் தம்பிக்கு மெக்கானிக்கலையே போட்டுக்கொடுத்தேன், குழாயை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றும்படி சொல்லி.

எதை வைத்துப் பார்த்தாலும் சோதனை ஓட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: மூன்றாவது கியர், 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை, முழு மிதி. வேகம் நூறைத் தொடுவதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் எதிர்த்து ஓடும்போது எஞ்சின் அதிக நேரம் சுமையில் இருப்பதால் முள் தாராளமாக ஏறும்; திரும்பி வரும்போது அவ்வளவு இராது. இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும், எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் வாசித்து எழுதட்டும்.