ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையம் வந்துவிட்டது, சாட்டிலைட் போனைக் கழற்றலாமா?

சிங்கப்பூர் துவாஸில் கப்பல்களுக்கு ஆன்டெனா மாட்டுவது என் வேலை. "அண்ணே, ஸ்டார்லிங்க் மாட்டியாச்சே, அந்தப் பழைய போன் இன்னும் எதுக்கு?" என்று இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார்கள். கழற்றாதே என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

வீட்டோடு பேச ஸ்டார்லிங்க்கை அடிக்க ஆளில்லை. அதன் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 480 முதல் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. பழைய சாட்டிலைட் போன் சேவையான இன்மார்சாட்டின் கோள்கள் இருப்பதோ 35,786 கிலோமீட்டரில். அவ்வளவு தூரம் குரல் ஏறி இறங்க நேரம் பிடிக்கும். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் காணோமே என்று "ஹலோ" என்போம், அதே நொடியில் அங்கிருந்து "சாப்பிட்டேன்" வந்து முட்டும். பல மாதம் கடலில் கிடப்பவனுக்கு அந்தத் தடங்கலே பெரிய வேதனை. மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும் என்ற கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் நம் பக்கத்து மழை வேறு. விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து சூறைக்காற்றோடு கொட்டும்போது டெக்கில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. ஸ்டார்லிங்க் டிஷ்ஷின் அலைநீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். கனமழை அதை விழுங்கிவிடும். இன்மார்சாட், அதைப் போன்ற இன்னொரு சேவையான இரிடியம், இவற்றின் சாட்டிலைட் கைபேசிகளின் அலைநீளமோ ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மழை அதை ஒன்றும் செய்யாது. தவிர, ஜெனரேட்டர் நின்றால் டிஷ்ஷும் நிற்கும். பேட்டரியில் ஓடும் கைபேசிக்கு அந்தக் கவலை இல்லை.

கைபேசியில் எது? இரிடியத்துக்கு 66 கோள்கள், 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவம் வரைக்கும் எட்டும். ஆன்டெனாவை முழுக்க இழுத்து, வானம் பார்க்க நேராகப் பிடிக்க வேண்டும். ஒரு கோள் தலைக்கு மேல் சில நிமிடமே இருக்கும். அடுத்ததற்கு மாறும்போது அழைப்பு அறுந்துபோவதும் உண்டு. இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 என்ற கைபேசியைக் கோளின் திசை பார்த்து ஒருமுறை பிடித்துவிட்டால் தொடர்பு அசையாது. எட்டு மணி நேரம் பேசலாம், 160 மணி நேரம் அழைப்புக்குக் காத்திருக்கும். இரிடியத்தின் 9555 கைபேசி பேச நாலு மணி நேரம், காத்திருக்க 30 மணி நேரம். தென்சீனக் கடலும் இந்தியப் பெருங்கடலுமாக ஓடும் படகுக்கு நான் ஐசாட்போனையே எடுப்பேன். மலையிடுக்கிலோ அடர்காட்டிலோ வேலை என்றால் இரிடியம்: ஒரு கோள் மறைந்தாலும் அடுத்தது வந்துவிடும். இரண்டும் கூடுதல் பாதுகாப்புக்குத்தான், கப்பலில் சட்டப்படி இருக்க வேண்டிய அபாயத் தொடர்புக் கருவிக்கு மாற்று ஆகாது.

துரையா என்ற இன்னொரு சாட்டிலைட் சேவையின் போன் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஆசிய பசிபிக் பகுதியைப் பார்த்துக்கொண்ட துரையா 3 கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, இங்கே சேவை அற்றுப்போனது.

லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். இரிடியம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்ன இன்ரீச் கருவிக்கும் அதே கதிதான். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. பெட்டி கட்டும்போது அதைக் கப்பலிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.