டேப்லெட் வாங்கும்முன் பேனாவைப் பாருங்கள்: ஐபேட், கேலக்ஸி டேப், ஈ-இங்க் ஓர் ஒப்பீடு

எழுதுவதற்கென்று டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்றுதான். என்னைக் கேட்டால் அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பெடுக்க, பிடிஎஃப்பில் திருத்தம் போட, படிவத்தில் கையெழுத்திட நடுத்தர டேப்லெட் எதுவும் போதும். வாங்கியது தினமும் கையில் இருக்குமா, மேசை டிராயரில் தூங்குமா என்பது பேனாவைப் பொறுத்தது. நான் மெய்ப்புத் திருத்துகிறவன், நாள் முழுக்க பிடிஎஃப் மேல்தான் எழுதுகிறேன். அந்த வேலையை மனதில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் விலை. ஏ16 சிப் உள்ள சாதாரண ஐபேட் 2025இல் இந்தியாவுக்கு வந்தபோது 34,900 ரூபாய். பேனா தனி. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் 7,900 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 42,800. அதே ஆண்டு வந்த சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்இ அப்போது 42,999 ரூபாய், அதன் பேனாவான எஸ் பென் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆக, விலையில் இரண்டும் ஒன்றுதான். பேனாவில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

எஸ் பென் வேக்கம் நிறுவனத்தின் மின்காந்த ஒத்ததிர்வு நுட்பத்தில் இயங்குகிறது. திரைக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருள் வலை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தான் இருக்கும் இடத்தைத் திரைக்குச் சொல்லும். அதனால் எழுதுவதற்கு பேட்டரியே தேவையில்லை. சில எஸ் பென்களில் பேட்டரி இருக்கிறது, ஆனால் அது ப்ளூடூத் வசதிகளுக்காக மட்டும். அது தீர்ந்துபோனாலும் எழுத்து நிற்காது. ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் உடனே எழுதும்.

ஆப்பிள் பென்சில் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை. அதிலும் யுஎஸ்பி-சி பென்சில் ஐபேடின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அங்கே சார்ஜ் ஏறாது. மூடியை இழுத்து கேபிள் செருக வேண்டும். ஒரு தடவை என்றால் பெரிய விஷயமில்லை. ஒரு கையெழுத்துக்காக எடுக்கும்போது பேனா செத்துக் கிடந்தால், அடுத்த முறை கை தானாகவே காகிதத்தை நோக்கித்தான் போகும்.

அப்புறம், இந்தப் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. லேசாக எழுதினாலும் அழுத்தி எழுதினாலும் ஒரே தடிமன்தான். ஓவியம் வரைகிறவர்களுக்கு இது ஆகாது. குறிப்பெடுக்கிறவர்களுக்குப் பரவாயில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது திரை. சாதாரண ஐபேடில் மேல் கண்ணாடிக்கும் காட்சித் திரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. பேனா முனை ஓரிடத்தில், கோடு அதற்குச் சற்றுக் கீழே என்பதுபோல் தெரியும். 'படித்து பார்த்தான்' என்ற வரியில் விட்டுப்போன 'ப்' ஒற்றைச் செருக, இரண்டு சொற்களுக்கு நடுவே சின்னக் கூர்க்குறி போட வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் குறி பக்கத்து எழுத்தின் மேல் விழுகிறது. அழிப்பதற்கும் கருவிப்பட்டிக்குப் போய் ரப்பரைத் தொட வேண்டும், ஏனென்றால் பேனாவை இருமுறை தட்டி ரப்பருக்கு மாறும் வசதி இந்தப் பென்சிலில் கிடையாது. எஸ் பென்னில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே தேய்த்தால் அழிந்துவிடும். ஒரு பக்கத்தில் இருபது திருத்தம் போடுகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

இந்தக் குறைகளெல்லாம் விலை கூடிய ரகமான ஐபேட் ஏரில் தீர்ந்துவிடுகின்றன. இடைவெளியில்லாத திரை, பக்கவாட்டில் ஒட்டினாலே சார்ஜ் ஏறும் பென்சில் ப்ரோ, அழுத்த உணர்வு, பேனாவை இறுக்கிப் பிடித்தால் வரும் கருவிப்பட்டி என்று உண்மையிலேயே அருமையான ஜோடி. ஆனால் எம்3 சிப் உள்ள 11 அங்குல ஏர் 2025இல் வந்தபோது 59,900 ரூபாய், பென்சில் ப்ரோ 11,900. சேர்த்தால் 71,800. ப்ரோக்ரியேட் என்ற ஓவியச் செயலியில் வரைந்து சம்பாதிக்கிறவர் தயங்காமல் வாங்கலாம். குறிப்பெடுக்க மட்டும் என்றால் எனக்கு மனசு வராது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சில் 2024இலும் அதற்குப் பிறகும் வந்த ஐபேட் ஏர், ஐபேட் ப்ரோ எதிலும் வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பேனாவை முதலில் வாங்கிவிடாதீர்கள்.

செயலிகளில் ஐபேட் பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. நோட்டபிலிட்டி என்ற குறிப்புச் செயலியில் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டே எழுதினால், பிறகு ஒரு சொல்லைத் தொட்டதும் அந்த நேரத்தில் பேசியது ஒலிக்கும். சாம்சங் நோட்ஸிலும் இது உண்டு என்பதால் அன்றாட வேலைக்குக் குறையொன்றும் இல்லை. தமிழில் எழுதுகிறவருக்கு ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒரு லாபம்: கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் கையெழுத்து விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், பேனாவால் எழுதுவது தட்டச்சாகிவிடும்.

காகிதம்போல் தெரியும் மின்மைத் திரை கொண்ட ஈ-இங்க் பலகைகள் வேறு ரகம். ரீமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்க்ரைப் இரண்டின் பேனாவுக்கும் சார்ஜ் வேண்டாம். சொரசொரப்பான பரப்பில் எழுதும் சுகம் கண்ணாடியில் வராது. வாட்ஸப் தொல்லை இல்லை, கண் எரிவதில்லை. நீண்ட கையெழுத்துப் பிரதியை நிதானமாகப் படித்து ஓரக்குறிப்பு எழுத இதைவிட நல்லது எதுவும் இல்லை. மெய்ப்புக்கு மட்டும் சரிப்படவில்லை. பொருளடக்கத்துக்கும் நாற்பதாம் பக்கத்துக்கும் மாறி மாறிப் போகும்போது திரை மெதுவாகத்தான் மாறும். சிவப்பில் போட்ட திருத்தமும் இந்த இரண்டின் கருப்பு-வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். ரீமார்க்கபிள் 2இல் விளக்கும் கிடையாது.

நாற்பதாயிரம் சொச்சத்தில் அன்றாட வேலைக்கு என்றால் நான் எஸ் பென் பக்கம்தான். இருந்தாலும் என் பேச்சை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் 'கண்ணன் எண்ணெய் வாங்கினான்' என்று உங்கள் வழக்கமான வேகத்தில் எழுதிப் பாருங்கள். ணகரச் சுழி வழுக்காமல் வருகிறதா, லேசாகத் தட்டி வைத்த ஆறு புள்ளியும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கினால் மேட் ஃபிலிம் எனும் சொரசொரப்பான படலத்தைத் திரையில் ஒட்டிக்கொள்ளலாம். திரை கொஞ்சம் மங்கும், பேனா முனையும் சீக்கிரம் தேயும். புள்ளி விழவில்லையென்றால் அடுத்த மேசையில் இருப்பதை எடுத்து எழுதிப் பாருங்கள்.