மைனஸ் பத்தில் லைகமிங் இன்ஜின்: ஹீட்டரும் போர்வையும், பல குளிர்கால அனுபவம்

இப்போது நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். இங்கே தை மாத விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளர் கட்டிக்கொள்வோம். வேலை பார்த்த காலமெல்லாம் பிரான்சில், ஜூரா மலைப்பக்கம். குளிருக்குப் பேர்போன மூத் என்ற ஊர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப்பில் ரோபின் டிஆர்400 ஓட்டினேன். மரச்சட்டத்தில் துணி போர்த்திய நாலு சீட் விமானம். திஜோன் பக்கத்தில் செய்கிறார்கள். அதில் இருந்தது லைகமிங் ஓ-320 இன்ஜின்: நான்கு சிலிண்டர், 160 குதிரைசக்தி, காற்றிலேயே குளிரும் ரகம். ஜனவரி காலையில் ஹேங்கருக்குள்ளேயே மைனஸ் 10 சர்வசாதாரணம்.

கிளப்பில் நாங்கள் போட்டது மூன்று சாமான்: ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் ஒட்டும் மின்சார ஹீட்டர் பேட், இன்ஜினைச் சுற்றியிருக்கும் உறையான கவுலிங்கை முழுக்க மூடும் பஞ்சுப் போர்வை, அப்புறம் கொஞ்ச காலம் கழித்து சிலிண்டர்களுக்குச் சுற்றும் ஹீட்டர் பட்டைகள். அதற்கு முன்பு விமானத்தின் மூக்கில் குழாய் வைத்து ஊதும் வெப்பக்காற்று மெஷின்தான். மர விமானத்துக்குப் பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிகிற மாதிரி ஒன்றை வைத்துவிட்டு காபி குடிக்கப் போக முடியாது; யாராவது ஒருவர் கூடவே நின்று விறைக்க வேண்டும்.

ஹீட்டர் எதற்கு, பேட்டரி நன்றாக இருந்தால் எப்படியும் ஸ்டார்ட் ஆகிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகும், அதுதான் ஆபத்தே. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது அல்லவா, மைனஸ் 10-இல் கோடைக்குப் போட்ட கெட்டியான ஆயிலும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். பம்ப் சுற்றும், பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினின் உடற்கூடான கிராங்க்கேஸ் அலுமினியம், அதற்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் எஃகு. குளிரில் அலுமினியம் அதிகமாகச் சுருங்குவதால் பேரிங் இடைவெளி இறுகிவிடும். ஸ்டார்ட் ஆன பிறகு பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும். சிலிண்டர் அவ்வளவு வேகமாக விரியாது. முதல் சில நிமிடத்தில் ஏற்படும் தேய்மானம் அன்றைக்கு எந்த மீட்டரிலும் தெரியாது. லைகமிங் கம்பெனியே பெரும்பாலான மாடல்களுக்கு மைனஸ் 12-க்குக் கீழே போனால் முன்சூடு கட்டாயம் என்கிறது. எங்கள் கிளப்பில் மைனஸ் 5-க்கே ஹீட்டர் போட்டுவிடுவோம். கரண்ட் செலவு சில நூறு வாட்தான், இன்ஜின் ஓவர்ஹால் செலவோ கேட்டாலே தலை சுற்றும்.

சரி, பேட் எப்படி உழைத்தது? தனியாகப் போட்டால் பாதி வேலைதான் செய்தது. முதல் குளிர்காலத்தில் போர்வை இல்லாமல் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம். காலையில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் தண்ணி மாதிரி ஓடியது. ஆனால் கவுலிங்கின் மூடியைத் திறந்து சிலிண்டர் மேல் கை வைத்தால் ஐஸ்கட்டி. சூடெல்லாம் முன்பக்கத் துவாரம் வழியாகப் போய்விட்டது. போர்வை வந்த பிறகு அதே பேட் வேறு ஆள் ஆகிவிட்டது: மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கே தொட்டாலும் வெதுவெதுப்பு. புரொப்பல்லர் அடிக்கட்டையையும் மூடுகிற போர்வையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் உலோகமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த பிளேடு இன்ஜினின் சூட்டை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் போர்வையைத்தான் சொல்வேன். இறங்கியவுடன் மூடினால் மதியம் வரை சூடு நிற்கும்.

முதலில் வாங்கிய பேட்டின் ஒட்டு இரண்டாம் சீசனில் ஓரம் தூக்கிக்கொண்டது. விற்றவரிடம் கேட்டால் நீங்கள் துடைத்த விதம் சரியில்லை என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. மெக்கானிக் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டினார், அது இன்னும் அசையவில்லை.

பேட் பற்றி யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: அதை நாள்கணக்கில் ஆனில் விடக்கூடாது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் பிறக்கும், அதில் கொஞ்சம் ஆயிலில் கலந்தே தீரும். சம்ப்பை மட்டும் சூடாக்கினால் அந்த ஈரம் ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்த இரும்பில் பனியாகப் படியும். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, ஆயில் முதலில் வடிந்து காயும் இடம் அது. துரு பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆகவே டைமர் போட்டோம். பறக்கும் நாளில் மட்டும், சில மணி நேரத்துக்கு முன்னால். சிலிண்டர் பட்டைகள் வந்த பிறகு மேலும் கீழும் சேர்ந்தே சூடானதால் கவலை குறைந்தது, ஆனால் டைமரை எடுக்கவில்லை.

ஹீட்டரோடு கதை முடிந்துவிடாது. அண்ணன் மகன் கடலூரிலிருந்து கனடாவுக்கு விமானப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, "சித்தப்பா, பறக்காத நாள்ல சும்மா கொஞ்ச நேரம் இன்ஜின ஓட்டி வச்சா போதுமா?" என்று கேட்டான். "வேணாம்டா, அதுக்கு ஓட்டாமலே இருக்கலாம்" என்றேன். தரையில் ஓட்டினால் ஆயில் சரியான சூட்டை எட்டாது. புதிதாகத் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். ஈரம் வெளியேற ஆயில் 80 டிகிரியைத் தாண்டி அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும். ஜூரா குளிரில் பறக்கும்போதுகூட 60-இலேயே நின்றுகொண்டு அடம்பிடிக்கும். அதற்காக ஆயில் கூலருக்கு முன்னால் காற்றை மறிக்கும் தகடு ஒன்று உண்டு. போட்டவுடன் ஊசி பச்சைக்கு வந்துவிடும். அந்த விமானத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற தகடாக இருக்கட்டும், டேப் ஒட்டும் வேலை வேண்டாம். மார்ச்சில் வெயில் வந்ததும் கழற்ற மறந்தால் ஆயில் கொதிக்கும். குளிர்காலத்தில் 15டபிள்யூ-50 மல்டிகிரேட் ஆயிலுக்கு மாறியதும் நல்ல பலன் தந்தது.

கிளம்பும் முன் குனிந்து பார்க்க வேண்டியது பிரீதர் குழாய். இன்ஜின் மூச்சுவிடும் ஈரம் அதன் நுனியில் உறைந்து அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி முன்பக்க ஆயில் சீல் பிதுங்கிவிடும். ஆயில் கண்ணாடியெல்லாம் பூசிக்கொள்ளும். அதனால்தான் கவுலிங்குக்குள் சூடான பகுதியில், அந்தக் குழாயில் ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். அது திறந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது என் பழக்கம்.

இறங்கும்போது திடீரென்று பவரை அடியோடு குறைத்தால் சிலிண்டர் விரிசல் விடுமா என்பது பைலட்டுகளின் தீராத சண்டை. கிளைடரை (இன்ஜின் இல்லாத விமானம்) இழுத்துவிட்டு நாள் முழுக்க ஏறி இறங்கும் விமானங்கள் பவரைப் படிப்படியாகக் குறைத்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படியே செய்தேன். சண்டையில் யார் ஜெயித்தாலும் எனக்கு நஷ்டமில்லை.

லாஸ்பேட்டை போன்ற நம் ஊர் விமானத்தளத்தில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் கட்டும் ஐஸுக்கு இருக்கிறது, இதை ஜூராக்காரர்களைவிட நாம்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் தொண்டையில் வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் குறையலாம். கடற்கரை ஈரப்பதத்தில், வெளியே 25 டிகிரி இருந்தாலும், பவர் குறைத்து இறங்கும்போது உள்ளே ஐஸ் கட்டும். ஆர்பிஎம் மெல்ல மெல்ல இறங்குவதுதான் முதல் அறிகுறி. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் லீவர்) முழுசாக இழுங்கள், பாதியில் நிறுத்த வேண்டாம். ஐஸ் உருகித் தண்ணீர் உள்ளே போகும்போது இன்ஜின் கொஞ்ச நேரம் இருமும், உதறும். பயந்துபோய் லீவரைத் திரும்பத் தள்ளிவிடாமல் அது சீராகும்வரை அப்படியே பிடித்திருங்கள்.