கல்லடியில் ஒரு பீட்சா பஃபே

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு கடையில் வார இறுதியில் பீட்சா பஃபே போடுகிறார்கள், தலைக்கு ஒரே விலை, வேண்டுமட்டும் எடுத்துச் சாப்பிடலாம். குடும்பத்தோடு போக நல்ல இடம். இறால் பீட்சாவும் கணவாய் போட்டதும் உண்மையிலேயே பிரமாதம், வாவிக்கரை ஊரில் அதுதானே வேண்டும்!

ஆனால் ஒரு குறை. எல்லாத் தட்டையும் ஒரேயடியாகச் சுட்டு வைத்துவிடுகிறார்கள், அரை மணியில் சீஸ் இறுகிப் போகிறது. அமெரிக்காவில் சிசீஸ் என்ற பீட்சா பஃபே கடை 1985இல் டெக்சாஸின் பிளேனோவில் தொடங்கி, குறைந்த விலையில் பிள்ளைகுட்டிகளோடு வரும் சனத்தை நம்பியே நாடு முழுக்கக் கிளை பரப்பியது, மக்ரோனி சீஸ் பீட்சாவெல்லாம் அங்கே உண்டு. கொரோனா வந்து பஃபே மேசைகள் மூடிக் கிடக்க, 2021 ஜனவரியில் வங்குரோத்து மனுப் போட்டது, பிறகு கைமாறி இன்னும் நடக்கிறது. பஃபே கடைக்கு ஆள் நெரிசல்தான் உயிர், தட்டு காலியாகக் காலியாகப் புதிதாகச் சுட்டு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கேயும் சிறிது சிறிதாகச் சுட்டால் போதும், மாவும் மிச்சம். அதுவரை, பின்னேரம் திறந்தவுடனேயே போய்விடுங்கள், சரியா? மரக்கறி பீட்சாவுக்குத் தனி மேசை இருக்கிறது.