ரத்தத்தின் பாகுத்தன்மை: ஊசி குத்தி அளப்பதா, ஸ்கேனில் பார்ப்பதா?

ரத்தம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை, அதாவது பாகுத்தன்மையை, அல்ட்ராசவுண்டில் அளக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டு வேறு முறைகள் இருக்கின்றன. இரண்டையும் பழைய முறையோடு தனித்தனியாக ஒப்பிட்டால்தான் நியாயமாக இருக்கும்.

பழைய முறை தெரிந்ததுதான். ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் போட்டு, விஸ்கோமீட்டர் என்ற பாகுத்தன்மை அளக்கும் கருவியில் 37 டிகிரியில் சுழற்றுவார்கள். இதன் பெரிய பலமே சுழலும் வேகத்தை நாம் மாற்ற முடிவதுதான், ஏனென்றால் ரத்தம் வேகமாக ஓடினால் இளகும், மெதுவாக ஓடினால் கெட்டியாகும். வேகமான ஓட்டத்தில் 3 முதல் 4 மில்லிபாஸ்கல்-வினாடி (பாகுத்தன்மையின் அலகு) காட்டும் அதே ரத்தம் மிக மெதுவான ஓட்டத்தில் பல மடங்கு காட்டும். எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும், நாள் முழுக்கத் தொடர்ந்து கவனிக்கவும் முடியாது. குறை அவ்வளவுதான்.

அடுத்தது டாப்ளர், அதாவது ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணிக்கும் அல்ட்ராசவுண்ட் முறை. ரத்தக்குழாயின் நடுவில் என்ன வேகம், சுவரோரம் என்ன வேகம் என்று அழகாகக் காட்டும். சரி, ஆனால் வேகம் மட்டும் தெரிந்தால் பாகுத்தன்மை கிடைக்காது, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதும் வேண்டும். கைத் தமனியில் 10 செ.மீ. தூரத்துக்குச் சராசரி அழுத்தம் 1 மி.மீ. பாதரசம்கூடக் குறையாது, ஒவ்வொரு துடிப்பிலும் ஏறி இறங்குவதோ 40. இந்தச் சின்ன வித்தியாசத்தைத் தோலுக்கு வெளியே இருந்து எப்படிப் பிடிப்பது? போதாக்குறைக்கு, ரத்த ஓட்டத்துக்கு 60 டிகிரி கோணத்தில் வைத்த புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவி) 5 டிகிரி பிசகினாலே வேகக் கணக்கு சுமார் 15% தவறிவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்றாவதுதான்: எதிரொலியின் பலத்தைப் பார்ப்பது. ரத்தம் மெதுவாகும்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும், மெதுவான ஓட்டத்தில் ரத்தம் கெட்டியாவதற்கு முக்கியக் காரணமே அதுதான். தனிச் சிவப்பணு 8 மைக்ரான்தான், 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ. அலைநீளத்தைவிட அணு மிகச் சிறியது என்பதால் எதிரொலி பலவீனமாக வரும், ஓடும் ரத்தம் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும், அடுக்கு சேர்ந்ததும் வெளுக்கும். இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களின் இடது மேலறையில் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கும் டாக்டர்கள் ‘ஸ்மோக்’ என்று சொல்வது இதைத்தான். ஆனாலும் இது காட்டுவது ஒட்டுதலை, பாகுத்தன்மையை அல்ல. ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏற ஏறப் பாகுத்தன்மை ஏறும், எதிரொலி அதே கணக்கில் ஏறாது.

ஆகவே வால்டன்ஸ்ட்ராம் நோயில் (ரத்தத்தில் ஒரு புரதம் பெருகி அதைக் கெட்டியாக்கும் ரத்தப் புற்றுநோய்) பார்வை மங்கி, மூக்கில் ரத்தம் வடிந்து வருபவருக்கு ஸ்கேனை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்து சீரத்தின் (உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரின்) பாகுத்தன்மையைப் பார்க்க வேண்டும், அறிகுறிகள் பலமாக இருந்தால் முடிவு வரும்வரைகூடக் காத்திராமல் பிளாஸ்மா மாற்றத்தை (ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்துவதை) தொடங்கிவிடுவார்கள். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வீரா நோயில் இன்னும் எளிது, ஹீமட்டோக்ரிட்டை 45%க்குக் கீழே வைப்பதுதான் இலக்கு, அதற்கு சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும்.

எதிரொலி முறைக்கு ஏற்ற இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது என் கருத்து. ஒரே நோயாளி, ஒரே சிரை, ஒரே புரோப், ஒரே செட்டிங் என்று வைத்துக்கொண்டு, காலையில் இருந்ததைவிட மாலையில் ஒட்டுதல் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். அப்புறம், எந்தக் கருவியாவது பாகுத்தன்மைக்கு ஒற்றை எண்ணைக் காட்டினால், எந்த ஓட்ட வேகத்தில் அளந்தது, அழுத்தத்தின் அளவு எங்கிருந்து கிடைத்தது என்று இரண்டையும் கேளுங்கள்.